பில்லில் ஏறும், கைக்கு வராது: காண்ட்ராக்ட் சம்பளத்தின் கணக்கு

ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் இருவரில் ஒருவருக்குக் கம்பெனி சம்பளம் போடுகிறது, இன்னொருவருக்குக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் மேன்பவர் ஏஜென்சி போடுகிறது. இரண்டாமவர் குறைவாக வாங்குகிறார். ஏன் என்று கேட்டால் "ஏஜென்சிக்காரன் கமிஷன் அடிக்கிறான்" என்பார்கள். அது பாதிதான் உண்மை. ஏஜென்சி காகிதத்தில் எடுக்கும் கமிஷன் மிகச் சிறியது. பல ஒப்பந்தங்களில் அது ஏஜென்சியை நடத்தும் செலவுக்கே காணாது. சிக்கலின் வேர் அதுதான். கமிஷன் போதாதபோது மிச்சத்தை வேறெங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். எடுக்க வசதியாக இருப்பவை, தொழிலாளிக்குச் சேர வேண்டிய, ஆனால் அவர் கண்ணில் படாத தொகைகள்.

ஏஜென்சி கம்பெனிக்கு அனுப்பும் பில் எப்படி இருக்கும் என்று பார்த்தால் இது விளங்கும். கணக்குக்காக ஒரு நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. இதன் மேல் முதலாளி பங்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதோடு சேரும் காப்பீடு 0.5, நிர்வாகக் கட்டணம் 0.5, ஆக 13 சதவீதம்: 1,690 ரூபாய். இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) முதலாளி பங்கு 3.25 சதவீதம்: 423. போனஸ் 8.33 சதவீதம்: 1,083. விடுப்புச் சம்பளம், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 5 சதவீதம்: 650. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம்: 625. இதுவரை கூட்டினால் 17,471. ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் 5 சதவீதம் என்றால் 874 ரூபாய். மொத்தம் 18,345. இதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 3,302. ஒரு ஆளுக்குக் கம்பெனி எழுதும் காசோலை ஏறக்குறைய 21,647 ரூபாய்.

தொழிலாளி பக்கம் வருவோம். 13,000-இல் அவர் பங்கு பிஎஃப் 12 சதவீதம் 1,560 போகும், இஎஸ்ஐ 0.75 சதவீதம் 98 போகும். தொழில் வரியைத் தனியே வைத்தால் கையில் நிற்பது 11,342. கம்பெனியின் கணக்கு அதிகாரி 21,647 என்கிறார், தொழிலாளி 11,342 என்கிறார், இரண்டுமே சரி. இடையில் இருக்கும் பத்தாயிரத்துச் சொச்சத்தை முழுக்கக் கமிஷன் என்று நினைப்பது தப்பு. ஜிஎஸ்டியைப் பெரும்பாலான தொழிற்சாலைகள் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்கின்றன. பிஎஃப்பின் இரண்டு பங்கும் ஒழுங்காகக் கட்டப்பட்டால் தொழிலாளியின் கணக்கில் சேமிப்பாகவும் ஓய்வூதிய நிதியாகவும் நிற்கும். கவனிக்க வேண்டியவை பில்லின் மூன்று இனங்கள்: போனஸ், விடுப்பு, கிராஜுவிட்டி. மூன்றும் சேர்ந்து ஆளுக்கு 2,358 ரூபாய். இவை மாதாமாதம் பில்லில் ஏறுகின்றன, ஆனால் மாதாமாதம் யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. நூறு பேர் இருக்கும் சைட்டில் அது மாதம் 2.36 லட்சம். ஏஜென்சி வெளிப்படையாக எடுக்கும் சர்வீஸ் சார்ஜோ 87,000 சொச்சம்தான்.

இப்போது ஏஜென்சியின் செலவைப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போட்டாக வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் 15-ஆம் தேதிக்குள். கம்பெனி பில்லுக்குப் பணம் தருவதோ 45 நாளிலோ 60 நாளிலோ. நூறு பேருக்குச் சம்பளமும் பிஎஃப், இஎஸ்ஐயும் மட்டும் மாதம் 15.1 லட்சம் கையிலிருந்து போகிறது. அதை 60 நாள் சுமக்க, ஆண்டு வட்டி 15 சதவீதம் என்றால் 37,000 ரூபாய் வட்டி மட்டும். இதன் மேல் சூபர்வைசர், அலுவலகம், ஆள் பிடிக்கும் செலவு. ஒரு ஏஜென்சி 1 சதவீத சர்வீஸ் சார்ஜுக்கு டெண்டர் போட்டால் நூறு பேருக்கும் சேர்த்து மாதம் அதற்குக் கிடைப்பது 17,471 ரூபாய். வட்டியில் பாதிகூட வராது. அப்படியும் அந்த விலைக்கு ஆள் தருகிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால், மிச்சம் எங்கிருந்து வரப்போகிறது என்பது டெண்டரைத் திறக்கும் அதிகாரிக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. மிகக் குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்ற நடைமுறைதான் தொழிலாளியின் பணத்தில் கைவைக்கச் சொல்லாமல் சொல்கிறது. மத்திய அரசின் ஜெம் கொள்முதல் தளத்தில் ஆள் வழங்கும் ஒப்பந்தங்களுக்கு 3.85 சதவீதம் என்று கீழ்வரம்பு வைக்க நேர்ந்ததும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விலை போட்டு ஒப்பந்தம் பிடிக்கும் பழக்கத்தால்தான்.

எடுக்கும் வழிகள் பல. மேலே சொன்ன மூன்று இனங்களில் போனஸ்தான் எளிது. ஆண்டில் 30 நாள் வேலை பார்த்தாலே போனஸ் உரிமை உண்டு. ஆனால் எட்டு மாதத்தில் வேலையை விட்டவர் திரும்பி வந்து கேட்பதில்லை. தீபாவளிக்கு இருப்பவர்களுக்கு ஒரு தொகையும் இனிப்புப் பெட்டியும் கொடுத்து கணக்கை மூடிவிடுவார்கள். 8.33 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், இந்தக் கணக்கில் 13,000 ரூபாய் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டுத் தொடர்பணி வேண்டும். ஏஜென்சி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாறும். ஆள் அதே இடத்தில், அதே மெஷினில், அதே சூபர்வைசரின் கீழ் நிற்பார், அடையாள அட்டையில் மட்டும் பெயர் மாறும். பத்து ஆண்டு கழிந்தாலும் எந்த ஏஜென்சியிடமும் அவருக்கு ஐந்து ஆண்டு முடிந்திருக்காது. குறிப்பிட்ட காலப் பணி என்று நியமனம் பெற்றவருக்கு ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை என்று 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. அதனால்தான் நியமனக் கடிதத்தில் வேலைக்காலம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். கடிதமே தராத ஏஜென்சிகள் நிறைய. கடிதம் தர வேண்டும் என்பது இப்போது சட்டக் கட்டாயம்.

நாள் கணக்கில் நடக்கும் வித்தை இன்னும் நுட்பமானது. 13,000 என்பது 26 வேலைநாளுக்கான சம்பளம். ஏஜென்சி அதை 30-ஆல் வகுத்து, வந்த 26 நாளால் பெருக்கினால் 11,267 வரும். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவருக்கு 1,733 ரூபாய் போயே போய்விட்டது. பே ஸ்லிப்பில் "வந்த நாள் 26" என்று இருக்கும், பார்ப்பவருக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. எதால் வகுத்தார்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலையும் அப்படியே. கூலி இருமடங்கு என்பது சட்டம். 500 ரூபாயை 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 62.50, ஓ.டி.க்கு 125. மாதம் 40 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் 5,000 வர வேண்டும். ஒற்றைக் கூலியாகப் போட்டால் 2,500. சில இடங்களில் கம்பெனி இருமடங்கு தந்து, ஏஜென்சி ஒருமடங்கு தருகிறது. சில இடங்களில் கம்பெனியே ஒப்பந்தத்தில் ஒருமடங்கு என்றுதான் எழுதியிருக்கும். அப்போது ஏஜென்சியை மட்டும் திட்டிப் பயனில்லை.

பிஎஃப்பில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, முதலாளி பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடிப்பது. "சிடிசி (ஆளுக்குக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) இவ்வளவு, அதில்தான் எல்லாம்" என்று வேலைக்குச் சேர்க்கும்போதே பேசிவிடுவார்கள். முதலாளி பங்கைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று பிஎஃப் திட்டமே தடுக்கிறது. நாள் கூலி இவ்வளவு என்று பேசிச் சேர்த்தவரிடம் அந்தக் கூலியிலிருந்து 24 சதவீதம் பிடித்தால் அது பிடித்தம் அல்ல, களவு. இரண்டாவது, சம்பளத்தை உடைத்து அடிப்படையைக் குறைத்துக் காட்டுவது. எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் படிகளும் பிஎஃப் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதியைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடச் சொல்கின்றன.

மற்றவை பச்சையான வசூல்: சேரும்போது பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், ஷூவுக்குத் தவணை, வெளிமாநிலத் தொழிலாளி என்றால் அறை வாடகை, சாப்பாடு என்று வாய்க்கு வந்த தொகை. சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு ஏடிஎம் கார்டை ஏஜென்சி ஆளே வைத்துக்கொள்வதும், முழுச் சம்பளம் ஏறியதும் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்குவதும் உண்டு. பணம் வங்கி வழியாகத்தான் போகிறது, அதனால் எல்லாம் சரி என்று கம்பெனி எழுதிக்கொள்வதை இந்த ஒரு பழக்கமே பொய்யாக்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இதை ஆண்டது 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் முறைப்படுத்தல் மற்றும் ஒழிப்புச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இந்த விஷயம் இப்போது பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பின் கீழ் வருகிறது. மாற்றங்களில் தொழிலாளிக்குப் பாதகமானது, வரம்பு. முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே மத்திய சட்டம் பொருந்தும். இப்போது 50. நாற்பது பேரை வைத்திருக்கும் சிறு காண்ட்ராக்டர் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஒரே பெரிய சைட்டை நாலைந்து பெயரில் பிரித்து எடுக்கும் வழி திறந்திருக்கிறது. ஆனால் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ உரிமைகள் இந்த 50 என்ற எண்ணோடு கட்டப்பட்டவை அல்ல. "எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்று சொல்லி மொத்தத்தையும் தட்டிக்கழிப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் நான்கு பிரிவுகள் தொழிலாளி நினைவில் வைக்க வேண்டியவை. பிரிவு 49: காண்ட்ராக்டர் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணமோ கமிஷனோ வாங்கக் கூடாது. பிரிவு 53: கேண்டீன், கழிப்பறை, ஓய்வறை, குடிநீர், முதலுதவி போன்ற வசதிகளைக் கம்பெனிதான் தர வேண்டும், ஏஜென்சி தலையில் கட்டக் கூடாது. பிரிவு 54: உரிமம் தேவைப்படும் இடத்தில் உரிமம் இல்லாத காண்ட்ராக்டர் மூலம் ஆள் எடுத்தால், அந்த ஆட்கள் கம்பெனியின் நேரடித் தொழிலாளர்களாகவே கருதப்படுவார்கள். பிரிவு 55: ஏஜென்சி சம்பளம் போடாமல் விட்டாலோ குறைத்துப் போட்டாலோ, கம்பெனி அதைக் கொடுத்துவிட்டு ஏஜென்சியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். "நாங்கள் ஏஜென்சிக்குப் பணம் கொடுத்துவிட்டோம்" என்பது இந்தப் பிரிவுக்கு முன் நிற்காத பதில். பிஎஃப்பிலும் இஎஸ்ஐயிலும் இதே பொறுப்பு கம்பெனி மேல் உண்டு.

கம்பெனியின் மையமான வேலைகளில் ஒப்பந்த ஆளை வைக்கக் கூடாது என்றும் அதே தொகுப்பின் பிரிவு 57 சொல்கிறது. ஆனால் விதிவிலக்குப் பட்டியல் நீளமானது. தூய்மைப் பணி, காவல், கேண்டீன், ஏற்றி இறக்குதல், தோட்டம், சலவை, போக்குவரத்து, கட்டுமானம் எல்லாம், அந்த நிறுவனத்தின் தொழிலே அதுவாக இல்லாவிட்டால், மையமான வேலை ஆகாது. அவசர ஆர்டர் வந்தால் மையமான வேலைக்கும் ஆள் எடுக்கலாம். அவசரம் எத்தனை ஆண்டு நீடிக்கலாம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

சம வேலைக்குச் சம ஊதியம் என்பதில் நிலைமை பலர் நினைப்பதைவிடச் சிக்கலானது. 1970 சட்டத்தின் கீழ் 1971-இல் வந்த மத்திய விதிகளில், நேரடித் தொழிலாளி செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் சம்பளம், விடுமுறை, வேலை நேரம் எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அது விதியில் இருந்தது, சட்டத்தில் அல்ல. புதிய தொகுப்பின் பிரிவுகளில் அந்த வாசகம் இடம்பெறவில்லை. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கு எதிரான ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியக் கொள்கை பொருந்தும் என்றது உண்மை. ஆனால் அவர்கள் அரசே நேரடியாக எடுத்த தற்காலிக ஊழியர்கள். ஏஜென்சி வழி வந்தவர் அதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போனால், முதலில் "உன் முதலாளி யார்" என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வார்.

விதி இருந்த காலத்திலும் அதைத் தாண்டும் வழி எளிதாகவே இருந்தது, பதவிப் பெயர். மெஷின் ஓட்டுபவரைப் பதிவேட்டில் "ஹெல்ப்பர்" என்று எழுதினால் வேலை சமம் அல்ல. நிரந்தரத் தொழிலாளிக்கு "ஆபரேட்டர் கிரேடு 3", காண்ட்ராக்ட் ஆளுக்கு "பொதுப் பணியாளர்". குறைந்தபட்ச ஊதியத்திலும் இது வேலை செய்யும். திறன் பெற்ற வேலைக்குத் திறன் பெறாத வேலையின் கூலி. அதனால் ஊதியப் புகாரில் முதலில் நிரூபிக்க வேண்டியது சம்பளத்தை அல்ல, உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதை. ஷிஃப்ட் பதிவேடு, மெஷின் பெயரோடு கையெழுத்திட்ட செக்லிஸ்ட், சூபர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இதற்குத்தான் உதவும்.

நிரந்தரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டால் தொழிலாளர் தானாகவே கம்பெனிக்குச் சொந்தமாவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. 2001 ஆகஸ்ட் 30-இல், அரசின் உருக்கு நிறுவனமான ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தானாக நிரந்தரம் கிடையாது. ஒப்பந்தமே வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் மட்டுமே வழி உண்டு. யார் வேலைக்கு எடுத்தது, யார் சம்பளம் போட்டது, யார் நீக்க முடியும், யார் வேலையை மேற்பார்வை செய்தது என்பவை அங்கே எழும் கேள்விகள். இதனால்தான் ஒவ்வொரு சைட்டிலும் ஏஜென்சியின் சூபர்வைசர் ஒருவர் பெயருக்கு நிற்கிறார். உத்தரவு கம்பெனி இன்ஜினியரிடமிருந்து வரும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இவருடையது. தமிழ்நாட்டில் கூடுதலாக ஒரு சட்டம் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். ஏஜென்சிகள் வருடத்தில் சில நாள் "பிரேக்" கொடுப்பதற்கும் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பதற்கும் பின்னால் இந்த 480 என்ற எண் இருக்கிறது.

பிரேக்கின் பாதிப்பு அதோடு நிற்பதில்லை. இஎஸ்ஐயில் நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டினால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உதவி. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டினால் ஜூலை முதல் டிசம்பர் வரை. தவறான நேரத்தில் விழும் பிரேக்கும், ஏஜென்சி கட்டாமல் விட்ட மாதமும் சேர்ந்தால், டெங்கு வந்து படுத்தவருக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் தரும் உதவி கைவிட்டுப் போகும். வேலையில் ஏற்படும் காயத்துக்கு இந்த நிபந்தனை கிடையாது, முதல் நாளிலேயே பாதுகாப்பு உண்டு. கை நசுங்கிய பிறகு அவசரமாக இஎஸ்ஐ பதிவு போட்டு, தேதியைச் சரிக்கட்டப் பார்ப்பது ஏஜென்சிகளின் பழைய வழக்கம். விபத்து அறிக்கையில் நேரம் எத்தனை மணி என்று எழுதப்படுகிறது என்பதைப் பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண் தொழிலாளர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, ஏஜென்சி வழி வந்தவரையும் ஊழியர் என்றே சொல்கிறது. கம்பெனி ஆள் மீதான புகாரை அந்தக் கம்பெனியின் உள்ளகக் குழுவிடமே கொடுக்கலாம். "உன் ஏஜென்சியிடம் போய்ச் சொல்" என்று திருப்பி அனுப்ப முடியாது.

ஏஜென்சியைக் கண்காணிக்க விரும்பும் கம்பெனி பெரும்பாலும் தவறான காகிதத்தைக் கேட்கிறது. பிஎஃப் சலான் நகல் போதாது. அதில் மொத்தத் தொகைதான் இருக்கும், வேறொரு சைட்டுக்குக் கட்டியதைக்கூடக் காட்டலாம். பெயர் பெயராக, யுஏஎன் எனும் பிஎஃப் உறுப்பினர் எண்ணோடு இருக்கும் ஈசிஆர் எனும் மாதாந்தரப் பிஎஃப் பட்டியலை வாங்கி, கேட்டில் பதிவான பெயர்களோடு ஒப்பிட வேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர்கள் வந்தே தீரும். சம்பளத்துக்கு வங்கிப் பரிமாற்றப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் பரிமாற்ற எண்ணோடு. போனஸையும் கிராஜுவிட்டியையும் மாதாமாதம் பில்லில் கொடுக்காமல், தொழிலாளிக்குக் கொடுத்த ஆதாரம் காட்டிய பிறகு கொடுப்பது நல்லது. இந்த ஒரு மாற்றமே குறைந்த விலை டெண்டர்களின் கணக்கைக் கலைத்துவிடும். அதனாலேயே பல கம்பெனிகள் இதைச் செய்வதில்லை, செய்தால் ஏஜென்சி விலையை ஏற்றிக் கேட்கும்.

தொழிலாளி செய்யக்கூடியது முதலில் ஒரு நோட்டு. தேதி, ஷிஃப்ட், ஓ.டி. மணி, யார் சொல்லிக் கூடுதல் நேரம் நின்றது. யுஏஎன்னை உமங் எனும் அரசுச் செயலியில் திறந்து, மாதம் 20 தேதிவாக்கில் பாஸ்புக்கில் பணம் ஏறியதா என்று பார்க்க வேண்டும். இஎஸ்ஐ எண்ணை வாங்கி, சந்தா விவரத்தையும் அப்படியே. ஆதாரில் இருக்கும் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் ஆகியவை பிஎஃப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்பதை வேலையில் இருக்கும்போதே சரிபார்ப்பது நல்லது. ஏஜென்சி ஊரை விட்டுப் போன பிறகு இனிஷியல் திருத்தப் படும் பாடு பெரும்பாடு.

புகார் என்றால் தனியார் தொழிற்சாலைக்கு மாநிலத் தொழிலாளர் துறை. ரயில்வே, துறைமுகம், விமான நிலையம், வங்கி, மத்தியப் பொதுத்துறை என்றால் மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம். பிஎஃப் புகார் தனியாக, பிஎஃப்பை நடத்தும் ஈபிஎஃப்ஓவின் குறைதீர் தளத்தில். ஊதியக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு வரை காலக்கெடு உண்டு. கொடுக்க வேண்டிய தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. ஊதியம் தரப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி மேல்தான். மனுவில் ஏஜென்சியை மட்டும் எதிர்மனுதாரராகப் போடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. கம்பெனியையும் சேர்க்க வேண்டும். ஏஜென்சியின் அலுவலகம் வாடகை அறை, கம்பெனியின் தொழிற்சாலை எங்கும் போகாது.

ஒப்பந்தம் கைமாறும் வாரத்தில் எல்லாம் குழம்பும். பழைய ஏஜென்சி "புதியவன் பார்த்துக்கொள்வான்" என்பார், புதியவர் "பழைய பாக்கி எனக்குத் தெரியாது" என்பார். வேலையிலிருந்து நின்ற நாளிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடித்துத் தர வேண்டும் என்பது சட்டம். அந்த வாரத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: கடைசி மாத பே ஸ்லிப், விடுப்பு மிச்சத்துக்கான பணம், அதுவரையிலான போனஸ், கேட்டால் தந்தே ஆக வேண்டிய அனுபவச் சான்றிதழ். பிஎஃப் பதிவில் விலகிய தேதியைப் பழைய ஏஜென்சி போடாவிட்டால், கடைசிச் சந்தா ஏறி இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே ஆதார் ஓடிபி வழியாகப் போட்டுக்கொள்ளலாம். புதிய ஏஜென்சியிடம் பழைய யுஏஎன்னைத்தான் கொடுக்க வேண்டும். புது எண் போட்டுவிட்டால் பழைய கணக்கின் சேவைக்காலம் தனியாக நின்றுவிடும், இரண்டையும் இணைக்கும் வரை ஓய்வூதியத்துக்கான பத்து ஆண்டுக் கணக்கில் அது சேராது.